உங்கள் பழைய ரெஸ்யூமே இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறது

சோழிங்கநல்லூரில் பத்து வருடம் ஜாவா எழுதி, இப்போது ஒரு டீமையே நடத்துகிறவருக்கு குருகிராமிலிருந்து மெயில் வருகிறது: இந்தி வாய்ஸ் ப்ராசஸ், இரவு ஷிஃப்ட், ஃப்ரெஷர்களும் விண்ணப்பிக்கலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு இன்சூரன்ஸ் விற்கும் வேலை வருகிறது. இரண்டு மெயிலுக்கும் முதல் வரி ஒன்றுதான். உங்கள் ப்ரொஃபைல் எங்கள் தேவைக்கு மிகவும் பொருந்துகிறதாம். அதை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெரும்பாலோர் செய்வது, காலையில் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ உட்கார்ந்து இவற்றை ஒவ்வொன்றாக அழிப்பது. கொஞ்சம் கோபக்காரர்கள் அனுப்பியவரை பிளாக் செய்வார்கள். அதே கன்சல்டன்சியிலிருந்து மறுநாள் வேறொரு பெயரில் வரும். இன்பாக்ஸில் நின்றுகொண்டு இந்தச் சண்டையில் ஜெயிக்க முடியாது. மெயில் கிளம்பும் இடம் நீங்கள் எப்போதோ ஏற்றிவிட்டு மறந்த ரெஸ்யூமே. வேலையை அங்கே ஆரம்பியுங்கள்.

எப்படிக் கிளம்புகிறது

இந்தியாவில் வேலை தேடுகிறவர்களில் பலர் ஒருமுறையாவது போய் வந்த இடம் நௌக்ரி. 1997-இல் தொடங்கிய தளம். நமக்குத் தெரியும் முகம் வேலை விளம்பரங்கள். கம்பெனிகளும் கன்சல்டன்சிகளும் சந்தா கட்டி நுழையும் இன்னொரு வாசல் உண்டு. அதன் பெயர் ரெஸ்டெக்ஸ். நாம் ஏற்றிய ரெஸ்யூமே எல்லாம் அங்கே கிடக்கின்றன. ரெக்ரூட்டர் நாலைந்து சொற்களைப் போடுவார். அனுபவம் இத்தனை வருடம், ஊர் இது, சம்பளம் இதற்குள், கடைசியாகத் தளத்துக்கு வந்தது இத்தனை நாளுக்குள் என்று வடிகட்டுவார். நூற்றுக்கணக்கில் பெயர்கள் வரும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே மெயிலை எல்லோருக்கும் தட்டிவிடுவார். இதைச் செய்கிறவர் பல நேரம் கல்லூரி முடித்து ஒரு வருடமே ஆன பிள்ளையாக இருக்கும். சாயங்காலத்துக்குள் இத்தனை ப்ரொஃபைல் கொடுத்தாக வேண்டும் என்ற டார்கெட்டோடு உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையைத் திட்டிப் பதில் எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆக, உங்களுக்கு மெயில் வருமா வராதா என்பதை முக்கியமாக இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ரெஸ்யூமேயில் இருக்கும் சொற்கள், நீங்கள் கடைசியாக ப்ரொஃபைலைத் தொட்ட தேதி.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைச் சுற்றி ஒரு வித்தை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. தினமும் காலையில் ப்ரொஃபைலில் ஒரு புள்ளியையாவது மாற்றி சேமித்தால் தேடலில் மேலே வருவோம் என்பது அது. வேலை தேடும் மாதத்தில் அது பலிக்கவும் செய்யும். ஆனால் உங்களை மேலே கொண்டுவரும்போது நல்ல கம்பெனிக்கும் கண்ட கன்சல்டன்சிக்கும் சேர்த்தே காட்டுகிறது. வேலை கிடைத்து, சேர்ந்து, ஆறு மாதம் ஆனபிறகும் பழக்க தோஷத்தில் புள்ளி மாற்றிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்தான் மெயில் தொல்லை என்று அதிகம் புலம்புகிறவர்களும்.

அடுத்தது சொற்கள். கல்லூரி ப்ராஜெக்ட்டில் சி ப்ளஸ் ப்ளஸ் தொட்டிருப்பீர்கள். முதல் வேலையில் எட்டு மாதம் மேனுவல் டெஸ்டிங் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ‘திறன்கள்’ என்ற தலைப்பில் இன்னும் உட்கார்ந்திருக்கும். எந்தச் சொல் எந்த வருடத்தையது என்று தேடுகிறவர் திறந்து பார்ப்பதில்லை. முப்பது சொற்களை வரிசையாக அடுக்கி வைத்தால் முப்பது விதமான மெயில் வரும். இனி எந்த வேலைக்குக் கூப்பிட்டால் போவீர்களோ அதற்குரிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். பழைய வேலையின் விவரம் அனுபவப் பகுதியில் வாக்கியமாக இருக்கட்டும், திறன் பட்டியலில் வேண்டாம்.

ஊர் விஷயமும் அப்படித்தான். படித்து முடித்த ஆவலில் ‘இந்தியாவில் எங்கும் வரத் தயார்’ என்று டிக் அடித்திருப்போம். இப்போது குழந்தை பள்ளிக்கூடம் போகிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி. டிக் மட்டும் அப்படியே இருக்கிறது. சென்னை, கோவை என்று இரண்டு ஊரை மட்டும் விட்டுவைத்தால் நொய்டாவும் புனேயும் பாதிக்குப் பாதி நின்றுவிடும். எதிர்பார்க்கும் சம்பளம் என்ற கட்டத்தையும் இன்றைய கணக்குக்கு ஏற்றுங்கள். 2017-இன் நாலரை லட்சம் அங்கே நின்றால் நாலரை லட்சத்து வேலைதான் தேடி வரும்.

கையோடு இன்னொன்று. நம் ஊர் ரெஸ்யூமேயில் தந்தை பெயர், பிறந்த தேதி, திருமணமானவரா, பாஸ்போர்ட் எண், கதவு எண்ணோடு முழு முகவரி, கடைசியில் ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி எல்லாம் இன்னும் இருக்கின்றன. இந்தக் காகிதம் எத்தனை கை மாறும் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது. பெயர், மெயில், போன், ஊர் போதும். மற்றதை ஆஃபர் கையில் வந்தபிறகு எச்ஆர் கேட்டால் கொடுக்கலாம்.

மறந்துபோன கணக்குகள்

‘நான் அந்தத் தளத்தில் சேரவே இல்லையே’ என்பார்கள் சிலர். மான்ஸ்டர் இந்தியா 2022-இல் ஃபவுண்டிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கல்லூரிக் காலத்தில் மான்ஸ்டரில் கணக்குத் திறந்தவருக்கு ஃபவுண்டிட் என்ற பெயரில் மெயில் வந்தால் அந்நியமாகத்தான் தெரியும். டைம்ஸ்ஜாப்ஸ், ஷைன், இன்டீட் என்று இன்னும் எத்தனையோ. அமெரிக்காவில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு டைஸ் தளத்து ரெஸ்யூமே தனித் தொல்லை. டெக்சாஸில் ஆறு மாத வேலை, விசா நிலை என்ன என்று ராத்திரி முழுக்க வந்துகொண்டிருக்கும். இவர் இங்கே வேளச்சேரியில் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒதுக்குங்கள். மெயில் பெட்டியின் தேடலில் ஒவ்வொரு தளத்தின் பெயரையும் போட்டுப் பாருங்கள். கணக்கு இருப்பது தெரிந்தால் கடவுச்சொல்லை மீட்டு உள்ளே போய், வேண்டாதவற்றை முழுக்க நீக்குங்கள். வேண்டியதில் ரெக்ரூட்டர் கண்ணுக்குத் தெரியாமல் ப்ரொஃபைலை மறைக்கும் வசதியைப் போடுங்கள்; ‘ஜாப் அலர்ட்’ என்று நாமே முன்பு கேட்டு வாங்கியதையும் நிறுத்துங்கள். தொல்லை மெயிலில் கணிசமான பங்கு நாமே கேட்டு வாங்கியதுதான் என்பது அப்போது தெரியும்.

லிங்க்ட்இன் கதை கொஞ்சம் வேறு. அங்கே வேலைக்குத் தயார் என்ற அடையாளத்தை எல்லோருக்கும் காட்டலாம், ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் உங்கள் கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள முயல்வோம் என்கிறது லிங்க்ட்இன். முழு உத்தரவாதம் தருவதில்லை. மேனேஜருக்குத் தெரியக்கூடாது என்றால் இதை நினைவில் வையுங்கள். அறிமுகமில்லாதவர்கள் அனுப்பும் இன்மெயில் காசு கொடுத்து வாங்கிய கணக்கில் கழிகிறது. நீங்கள் 90 நாளுக்குள் பதில் சொன்னால், அது ‘வேண்டாம்’ என்றாலும், அனுப்பியவருக்கு அந்தக் கணக்கு திரும்பக் கிடைத்துவிடும். மரியாதையாக எழுதியவருக்கு ஒரு ‘வேண்டாம்’ அழுத்தினால் அவருக்கு லாபம். மொத்தமாகத் தட்டிவிட்டவருக்கு மௌனமே சரியான விலை. இன்மெயிலே வேண்டாம் என்றால் அமைப்புகளில் அதை அடைத்துவிடலாம்.

அன்சப்ஸ்கிரைப் அழுத்தலாமா?

ஆளைப் பார்த்து அழுத்த வேண்டும். நீங்கள் கணக்கு வைத்திருக்கும் தளம் அனுப்பியது என்றால் தயங்காமல் அழுத்தலாம். மெயிலின் அடியில் குட்டி எழுத்தில் இருக்கும் இணைப்பைவிட, ஜிமெயில் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே காட்டும் பொத்தான் நல்லது. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குப் புது விதிகள் கொண்டுவந்தன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர், விளம்பர மெயில்களில் ஒரே அழுத்தில் விலகும் வழியைத் தர வேண்டும். இரண்டு நாளுக்குள் அதைச் செயல்படுத்தவும் வேண்டும். ஸ்பேம் என்று புகாராகும் மெயில் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரத்தில் மூன்று பேர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினாலே அனுப்பியவருக்கு ஆபத்து. நம் கையில் இருக்கும் ஆயுதங்களில் இதுதான் கூர்மையானது. வெறுமனே அழிப்பவர்கள் அதை வீணடிக்கிறார்கள்.

பெயரே கேள்விப்படாத இடத்திலிருந்து வந்தால் அடியில் இருக்கும் இணைப்பைத் தொடவே வேண்டாம். அதை அழுத்துவது, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே போய்ச் சொல்வதாக முடியலாம். நேராக ஸ்பேம். கன்சல்டன்சியின் தனி ரெக்ரூட்டர் தன் சொந்த மெயிலிலிருந்து அனுப்பினால் விலகும் பொத்தான் இருக்காது. ‘என் விவரங்களை உங்கள் பட்டியலிலிருந்து நீக்குங்கள்’ என்று ஒரே ஒரு வரி, ஒரே ஒரு தடவை. அடுத்து வந்தால் அதற்கும் ஸ்பேம்தான்.

வடிகட்டி போடுவது இதற்கெல்லாம் பிறகு. ஜிமெயிலில் இதைக் கைபேசிச் செயலியில் செய்ய முடியாது, கணினியில் உட்கார வேண்டும். ஆள் பெயரை வைத்து வடிகட்டாதீர்கள், தினம் மாறும். வாக்-இன், வாய்ஸ் ப்ராசஸ், இமிடியட் ஜாய்னர் மாதிரி அவர்கள் விடாமல் எழுதும் ஆங்கிலச் சொற்களை வைத்து வடிகட்டுங்கள். அழித்துவிடு என்று கட்டளை போட வேண்டாம். இன்பாக்ஸைத் தாண்டி ‘வேலை’ என்ற தனி லேபிளுக்குப் போகச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அதைப் புரட்டினால் போதும்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்றால், நல்ல மெயிலும் இயந்திரம் அனுப்பியதுபோலத்தான் இருக்கும். ஆன்லைன் தேர்வுக்கான இணைப்பு, இன்டர்வியூ நேரம், ஒர்க்டே மாதிரி மென்பொருள் வழியாக வரும் ஆஃபர், பின்னணிச் சரிபார்ப்பு கம்பெனி கேட்கும் ஆவணங்கள் எல்லாமே பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து வருகின்றன. ‘நோ-ரிப்ளை’ என்றிருந்தால் குப்பைக்கு என்று வடிகட்டி போட்டவர் ஆஃபரையே குப்பையில் தேட வேண்டியிருக்கும். ஸ்பேம் பெட்டியில் விழுந்ததை ஜிமெயில் 30 நாளில் தானே அழித்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். வேலை தேடும் காலத்தில் அந்தப் பெட்டியையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

புதிதாகத் தேட ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. வேலைக்கென்றே தனி மெயில் முகவரி. அது வேண்டாம் என்றால், ஜிமெயில் முகவரியில் உங்கள் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு தளத்தின் பெயரைச் சேர்த்துக் கொடுக்கலாம். மெயில் அதே பெட்டிக்குத்தான் வரும். எந்தத் தளத்திலிருந்து முகவரி கசிந்தது என்பது மட்டும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. அலுவலக முகவரியை மட்டும் எங்கும் கொடுக்காதீர்கள். பெயரை வைத்து ஊகித்து யாராவது அங்கே அனுப்பினாலும், அங்கிருந்து பதில் எழுதாதீர்கள். அந்தப் பெட்டி கம்பெனியுடையது.

பதில் எழுத வேண்டிய மெயில்

நூற்றில் சில உண்மையானவை. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கம்பெனியின் பெயர் இருக்கும் அல்லது கேட்டால் சொல்வார்கள். வேலை விவரம் இணைத்திருப்பார்கள். நீங்கள் செய்த ஏதோ ஒன்றைக் குறிப்பிட்டிருப்பார்கள். இப்போது வேலை தேவையில்லை என்றாலும் இவர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: இப்போதைக்கு இல்லை, ஊர் இது, இன்ன மாதிரி வேலை என்றால் அடுத்த வருடம் பேசலாம். ரெக்ரூட்டர்களும் கம்பெனி மாறுவார்கள். நல்ல ரெக்ரூட்டரின் நினைவு நீளமானது.

பதில் எழுதும்போது தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் மெயிலிலேயே கட்டம் போட்ட ‘ட்ராக்கர்’ ஒன்று வரும்: மொத்த அனுபவம், தற்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட், மாறும் காரணம், பான் எண். எந்தக் கம்பெனிக்கு என்று தெரியாமல் இதை நிரப்பக்கூடாது. ஒரே வேலையை கம்பெனி நாலைந்து கன்சல்டன்சிகளிடம் கொடுத்திருக்கும். ஆள் சேர்ந்தால் கம்பெனி தரும் கட்டணத்தில், முதலில் உங்களை அனுப்பியவருக்கே உரிமை என்பது பொதுவான வழக்கம். அந்தக் கட்டணம் பல இடங்களில் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அதனால்தான் அவ்வளவு அவசரம். நீங்கள் நிரப்பி அனுப்பிய நிமிடமே, உங்களைக் கேட்காமல் உங்கள் பெயர் கம்பெனிக்குப் போய்விடலாம். அடுத்த வாரம் இன்னொரு கன்சல்டன்சி வழியாகவும் போனால் இருவருக்கும் தகராறு, ஓரங்கட்டப்படுவது நீங்கள். ‘கம்பெனி பெயரையும் வேலை விவரத்தையும் சொல்லுங்கள், நான் எழுத்தில் சம்மதம் சொல்லும்வரை என் ரெஸ்யூமேயை யாருக்கும் அனுப்ப வேண்டாம்’ என்று முதல் பதிலிலேயே எழுதுங்கள். ஒழுங்கானவர் சம்மதிப்பார். மற்றவர் மறைந்துவிடுவார், அதுவும் நல்லதே.

ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகிவிடக்கூடாது என்பதற்காக சில கம்பெனிகள் பான் கேட்பது உண்மை. கடைசி நான்கு எழுத்துகள் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஆதார் எண், சம்பளச் சீட்டு, வங்கி விவரம் எதுவும் இன்டர்வியூவுக்கு முன் தேவையே இல்லை.

காசு கேட்டால் கதை முடிந்தது

உள்நாட்டு வேலையில் கன்சல்டன்சிக்குக் காசு தருவது கம்பெனி. உங்களிடம் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடி. இன்டர்வியூவே இல்லாமல் ஆஃபர் வருவதும், டெலிகிராமுக்கு வா என்பதும், வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்பதும் இதே ரகம். அனுப்பியவர் பெயர் பெரிய கம்பெனியாக இருக்கும். அதன் மேல் தட்டினால் வரும் முகவரியில் ஒரு எழுத்து கூடவோ குறையவோ இருக்கும், இல்லையென்றால் சாதாரண ஜிமெயிலாக இருக்கும். சிலர் சோதனைகளையெல்லாம் தாண்டும்படி சொந்தமாக முகவரி வாங்கியே வருகிறார்கள். ஜிமெயில் பச்சைக்கொடி காட்டினாலும், கம்பெனியின் இணையதளத்தில் ‘வேலைவாய்ப்பு’ பக்கத்துக்கு நீங்களே தனியாகப் போய் அந்த வேலை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டு வேலை மெயிலில் ஆபத்து பணத்தோடு நிற்பதில்லை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று கூட்டிப்போய் மியான்மரின் மியாவதியில் சைபர் மோசடிக் கூடாரங்களில் அடைத்தார்கள். 2022-இல் அங்கிருந்து மீட்கப்பட்ட இந்தியர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். ஏஜென்டின் பெயர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் பாஸ்போர்ட் நகலைக்கூட அனுப்பாதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்டே 30,000 ரூபாய்க்கும் அதன் மேல் ஜிஎஸ்டிக்கும் மேலே வாங்கக்கூடாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது, அங்கே விசாரிக்கலாம். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். அழைப்பு எவ்வளவு சீக்கிரமோ, பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

சட்டம் காப்பாற்றுமா என்று கேட்பீர்கள். இப்போதைக்குக் கொஞ்சம்தான். 1909 என்ற எண்ணில் பதிவு செய்யும் டிஎன்டி போனுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும், மெயிலுக்கு இல்லை. எரிச்சலூட்டும் மெயிலைக் குற்றமாக்கிய வரி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவுக்குள் இருந்தது. கருத்துரிமையை நசுக்குகிறது என்று அந்தப் பிரிவு முழுவதையும் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் நீக்கியது. நீக்கியது சரிதான், கூடவே இதுவும் போனது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கம்பெனிகளுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலாகும். அதுவரை உங்கள் ரெஸ்யூமேயை நீங்களேதான் காக்க வேண்டும்.

இதைப் படிப்பவர் ரெக்ரூட்டராக இருந்தால் உங்களுக்கும் ஒன்று. கம்பெனி எது, ஊர் எது, சம்பளம் எதிலிருந்து எதுவரை என்ற மூன்றையும் முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். ஐந்நூறு பேருக்கு அனுப்பாமல், ரெஸ்யூமேயைத் திறந்து படித்து இருபது பேருக்கு அனுப்பிப் பாருங்கள். பதில் வரும்.